எட்டுக் குண்டான் தயிர்

செல்லக்கனி யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அரிசி வாங்கப் போனால் மேலாக இருப்பதைப் பார்க்க மாட்டாள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலை அப்பளம் தன்னுடையதைவிடப் பெரிதா என்று ஓரக்கண்ணால் அளப்பாள். புருசன் சங்கரலிங்கம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் முதலில் அவர் நெற்றியைப் பார்ப்பாள். அதில் திருநீறு இருந்தால், அது வீட்டில் பூசியதா கோயிலில் பூசியதா என்று பார்ப்பாள். அவரும் இருபத்திரண்டு வருசமாக இதற்குப் பழகிக்கொண்டார்.

இந்தக் குணத்தை வைத்துத்தான் அவள் தொழில் செய்தாள் என்றும் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமுக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டின் பின்கட்டில் தினமும் எட்டுக் குண்டான் தயிர் தோயும். சாயங்காலம் பால் வரும். காய்ச்சி, ஆற வைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு உறை ஊற்றினால், விடியும்போது கத்தியால் வெட்டுகிற மாதிரி நிற்கும். அதைக் கேன்களில் அள்ளி சங்கரலிங்கம் தன் லோடு ஆட்டோவில் இராஜபாளையத்துக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு நூல் மில் கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தத் தயிர்தான், ஒன்பது வருசமாக.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூடிகளைத் திறந்தபோது இரண்டு குண்டான் தோயவில்லை. பால் முந்தின நாள் ஊற்றியது போலவே தண்ணியாகக் கிடந்தது. புளித்த வாடைகூட இல்லை. மற்ற ஆறும் ஒழுங்காக இருந்தன. தோயாத இரண்டிலும் இருந்தது சுந்தரபாண்டியம் சங்கையாவின் பால்.

செல்லக்கனிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஊசி போட்ட மாட்டின் பால் தோயாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாட்டுக்கு மடிநோய் வந்தால் போடுகிற மருந்து பாலிலும் இறங்கும். நோய் கொடுத்த பாக்டீரியாவைக் கொல்கிற மருந்துக்கு, பாலைத் தயிராக்குகிற பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்கத் தெரியுமா? அதையும் சேர்த்துத்தான் கொல்லும். ஊசி போட்ட பிறகு சில நாள் அந்தப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது. அந்தச் சில நாள் பாலைக் கொட்ட மனசு வராதவர்களும் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சங்கையாவுக்கு இரண்டு மாடு. நாற்பது வயசு இருக்கும், அதிர்ந்து பேசாத மனிதன். எல்லோருக்கும் முந்தி அவன் பால்தான் வரும். அன்றைக்கும் முதல் ஆளாக வந்து டிவிஎஸ்ஸை நிறுத்தினான்.

"ஏம்ப்பா, மாட்டுக்கு டாக்டர் வந்தாவளா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் செல்லக்கனி.

"வந்தாவக்கா. கன்னுக்குட்டிக்குப் பூச்சி மருந்து குடுத்துட்டுப் போனாவ. ஏன்?"

"கன்னுக்குட்டிக்கு மட்டுந்தானா?"

"கன்னுக்கு மட்டுந்தான். மாட்டு மேல ஊசியே படல. என்னக்கா, என்னாச்சி?"

அவள் சொன்னாள். சங்கையா கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தான். அப்படிச் சொறிந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. குற்றம் செய்யாதவன் எதற்குத் தலையைச் சொறிய வேண்டும்? அன்றைக்கு அவன் ஊற்றிய பாலில் ஒரு பாட்டில் தனியாக எடுத்துக் கட்டம் போட்ட துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டாள். சாட்சி வேண்டுமே.

புதன்கிழமை நாலு குண்டான் தோயவில்லை. இதில் இரண்டுதான் சங்கையாவின் பால். மற்ற இரண்டும் வேறு ஆட்கள் ஊற்றியது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சங்கையாவை விட்டிருப்பார்கள். செல்லக்கனி விடவில்லை. பால்காரர்கள் எல்லோரும் வருகிற வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். அங்கே வைத்து இவன் தன் பாலை அடுத்தவன் கேனில் கலந்துவிட்டான். தன் மேல் மட்டும் பழி விழக் கூடாதென்று செய்திருக்கிறான். வேறெப்படி?

மறுநாளும் நாலு தோயவில்லை. காலையிலேயே பஸ் ஏறி சுந்தரபாண்டியம் போனாள். பஸ் நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது சங்கையாவை மறித்து வாய்க்கு வந்தபடி பேசினாள். சீக்கு மாட்டுப் பாலை ஊற்றுகிறான், மில்லில் ஆயிரம் பேர் வயிற்றில் மருந்தைக் கலக்கப் பார்த்தான், இவன் பாலை வாங்குகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்றெல்லாம் சொன்னாள். சங்கையா தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அன்று மத்தியானமே, அவனிடம் காலைப் பால் வாங்குகிற பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் சங்கையாவுக்குப் போன் போட்டு, இனிமேல் பால் வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேள்விப்பட்டபோது செல்லக்கனிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் யாரிடமும் பால் வாங்கவில்லை. எட்டுக் குண்டானுக்கும் பாக்கெட் பாலை வாங்கிக் காய்ச்சினாள். பாத்திரம் கழுவுகிற வெள்ளைத்தாயை சீக்கிரமே அனுப்பிவிட்டு, ஜன்னலை அடைத்து, பின்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உறை ஊற்றினதிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே போய், கரண்டியை ஒவ்வொரு குண்டானிலும் விட்டுத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரைக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது என்பார்களே, அப்படி.

வெள்ளிக்கிழமை காலையில் எட்டும் தோயவில்லை.

சங்கரலிங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கேன்டீன் மேனேஜருக்கு அவர்தான் போன் போட்டார். அந்தப் பக்கம் கோபமாகப் பேசியிருந்தாலும் பரவாயில்லை, நிதானமாகப் பேசினாராம். "திங்கக்கிழம வரைக்கும் பாக்கேன். அன்னைக்கும் இல்லன்னா பாக்கெட் தயிரு எடுத்துக்கிடுதேன். பொறவு மாத்த முடியாது." அந்த ஒரு கேன்டீன் போனால் எட்டுக் குண்டானையும் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

சங்கையா பால் இல்லை, வேறு எவன் பாலும் இல்லை. அப்படியானால் வீட்டுக்குள் வந்து போகிற ஆள்தான். வெள்ளைத்தாய் வேலைக்கு வந்ததும் அவள் கொண்டுவந்த பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தாள். வெற்றிலையும் ஒரு சீப்பும் விழுந்தன. சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும், பாலைத் தோய விடாது.

"சுண்ணாம்பு எங்கட்டி?" என்றாள் செல்லக்கனி. "பால்ல போட்டியா?"

வெள்ளைத்தாய் கீழே கிடந்த வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நான் சுண்ணாம்பு போடுததில்ல தாயி, வாய் வெந்துரும். எட்டு வருசமா நீங்க பாக்கலையா?" என்றாள். "நாளைக்கி இந்த வீட்டுல ஒரு ஈ செத்தாலும் எம்பேருதான் வரும். நான் வாரேன்." போனவள் போனவள்தான்.

சங்கரலிங்கத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஏட்டி, இனி மிச்சம் நானும் நீயுந்தான். என்னையப் போலீஸ்ல குடுக்கதுக்கு முந்தி வண்டில ஏறு" என்றார். இராஜபாளையத்தில் ஒரு தனியார் பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் ஆல்வின் என்று ஒரு பையன் வேலை பார்க்கிறான். லோடு அடிக்கிற பழக்கத்தில் அவருக்குத் தெரியும். செல்லக்கனி கட்டம் போட்ட துணியில் சுற்றிய பாட்டிலையும், தோயாத குண்டானில் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டாள்.

ஆல்வின் பாட்டில் பாலைச் சோதித்தான். ஒரு பட்டையை நனைத்து, கொஞ்ச நேரம் வைத்து, கோடுகளைப் பார்த்தான். "இந்தப் பால்ல மருந்து எதுவும் இல்லக்கா" என்றான்.

செல்லக்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சுந்தரபாண்டியத்துப் பக்கமா தம்பி?"

"இல்லக்கா, செட்டியார்பட்டி."

"சங்கையான்னு ஒரு ஆளு தெரியுமா?"

"யாரையும் தெரியாது." ஆல்வின் சிரித்துவிட்டு டம்ளர் பாலைப் பார்த்தான். "நீங்க உறைக்கு என்ன போடுதீய?"

இரண்டு வருசமாக மதுரையிலிருந்து வாங்குகிற தயிர்ப் பொடி என்றாள். வீட்டு உறையென்றால் ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் கொழகொழக்கும். பொடியில் தினமும் ஒரே மாதிரி வரும். அதில் தோய்ந்த தயிரிலேயே கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாளைக்கும் ஊற்றுவாள்.

"அதான். அந்தப் பொடில இருக்கது ஒரே வகைப் பாக்டீரியா. அம்புட்டும் ஒண்ணு போல இருக்கும். ஒண்ணுக்கு ஒரு நோய் வந்தா எல்லாத்துக்கும் வரும். இது பாக்டீரியாவுக்கு வார வைரஸா இருக்கும்க்கா."

"கிருமிக்கே கிருமியா?" செல்லக்கனி சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானப்பா?"

"இல்லவே இல்ல. பாக்டீரியாங்கது ஒரு உசிரு. ஒத்தச் செல்லுதான், ஆனா திங்கும், வளரும், ரெண்டாப் பிரியும். பால்ல இருக்க சர்க்கரையத் தின்னுட்டுப் புளிப்ப விடுதுல்லா, அதுலதான் பாலு தோயுது. வைரஸு திங்காது, வளராது. தானாப் பெருகவும் அதுக்குத் தெரியாது. அதைவிட ரொம்பச் சின்னது. தன்னைய எப்பிடிச் செய்யணும்னு ஒரு குறிப்பு மட்டும் கையில வச்சிருக்கும். பாக்டீரியாவுக்குள்ள பூந்து, அதை வச்சே தன்னைய மாதிரி நூறு செஞ்சிட்டு, அதை வெடிச்சிட்டு வெளிய வரும். அந்த நூறும் அடுத்த நூறத் தேடிப் போவும்."

"அப்ப ஆயிரம் பேரு சாப்பிட்டாவளே, அவியளுக்கு?"

"ஒண்ணும் ஆவாது. எல்லா வைரஸும் எல்லாத்துக்குள்ளயும் பூராது. இதுக்குத் தெரிஞ்சது உங்க தயிர்ப் பாக்டீரியா மட்டுந்தான்."

ரொம்ப வசதியான திருடன்தான் என்று செல்லக்கனி நினைத்தாள். கண்ணுக்குத் தெரியாது, கையில் அகப்படாது, சங்கையாவையும் தப்ப விட்டுவிடுகிறது. இந்தப் பையனுக்கு யாரோ போன் போட்டிருக்கிறார்கள். அவள் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். ஆல்வின் அலமாரியிலிருந்து புதிய தயிர்ப் பொடி ஒரு பாக்கெட் எடுத்து அவள் கையில் வைத்தான். "என்னைய நம்பாண்டாம்க்கா. நீங்களே செஞ்சி பாருங்க" என்று எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொன்னான்.

இந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலையில் முன்வாசல் அறையில் மூன்று டம்ளர் வைத்தாள். டம்ளர், கரண்டி எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தவை. மூன்றிலும் காய்ச்சி ஆறிய பால், மூன்றிலும் புதிய பொடி. முதல் டம்ளரில் வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் தோயாத குண்டானிலிருந்து ஒரு சொட்டு. மூன்றாவதிலும் அதே சொட்டுதான், ஆனால் பத்து நிமிசம் தளதளவென்று கொதிக்க வைத்தது. சங்கரலிங்கத்தைக்கூட அறைக்குள் விடவில்லை. மத்தியானம் பார்த்தபோது முதல் டம்ளர் தோய்ந்திருந்தது. இரண்டாவது தோயவில்லை. மூன்றாவது தோய்ந்திருந்தது.

மருந்தென்றால் இந்தக் கொதிக்கு முழுசாக அழியாது என்று ஆல்வின் சொல்லியிருந்தான். செல்லக்கனி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சில மருந்து அழியலாமே? ஆகவே அடுத்ததைச் செய்தாள். தோயாத இரண்டாவது டம்ளரிலிருந்து ஒரு சொட்டை, புதிய பாலும் பொடியும் போட்ட நாலாவது டம்ளரில் விட்டாள். அது தோயவில்லை. நாலாவதிலிருந்து ஒரு சொட்டு ஐந்தாவதுக்கு. அதுவும் தோயவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்திலிருந்து ஆறுக்கு. மத்தியானம் ஆறாவது டம்ளரைச் சாய்த்தாள். பால் சலசலவென்று ஆடியது.

அவள் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மருந்தென்றே வைத்துக்கொண்டால், ஒரு சொட்டு ஒரு டம்ளரில் கலந்தது. அதில் ஒரு சொட்டு அடுத்ததில், அதில் ஒரு சொட்டு அதற்கு அடுத்ததில். எந்த மருந்தாக இருந்தாலும் இந்நேரம் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இது குறையவில்லை. போன இடத்திலெல்லாம் பெருகியிருக்கிறது. சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு கெட்ட நேரம் உண்டு. தானே கையால் செய்து பார்த்ததைத் தன்னாலேயே மறுக்க முடியாமல் போகிற நேரம்.

கடைசியாக ஆறாவதிலிருந்து ஒரு சொட்டை, பக்கத்து வீட்டில் வாங்கிய உறை ஊற்றிய பாலில் விட்டாள். அது சாயங்காலம் சாதாரணமாகத் தோய்ந்தது. வீட்டு உறையில் பல வகைப் பாக்டீரியா கலந்திருக்கும், ஒன்று செத்தால் இன்னொன்று வேலையைப் பார்க்கும் என்று ஆல்வின் சொன்னதும் சரியாக இருந்தது.

போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முதல்ல ஏம்ப்பா அந்த ரெண்டு குண்டான் மட்டும்?"

"தயிர அள்ளின பொறவு நிக்கிற தண்ணிய என்ன பண்ணுவீய?" என்றான் ஆல்வின்.

பக்கத்து வீட்டு எருமைக்காக ஒரு வாளியில் பிடித்துப் பின்கட்டின் மூலையில் வைப்பதைச் சொன்னாள். சாயங்காலம் வந்து எடுத்துப்போவார்கள். காய்ச்சிய பாலை ஆற வைக்கிறதும் அங்கேதான். முதலில் வருகிற பால் மூலையில் வாளியை ஒட்டி இருக்கும், அதிக நேரம் மூடாமலும் இருக்கும். முதலில் வருகிறது சங்கையாவின் பால். ஒரு நாளும் அவன் தாமதித்து வந்ததில்லை.

"அப்ப அந்த வாளித் தண்ணில வைரஸு சேந்து, அதுல இருந்து பால்ல தெறிச்சிருக்கும். பொறவு எட்டுக்கும் பரவுனதுதான் எனக்குப் புரியல. ஒண்ணுல தொட்டத இன்னொண்ணுல விட்டீயளோ?"

அவள் போனை வைத்தாள். அரை மணிக்கு ஒரு தடவை, ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும், ஒரே கரண்டி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் சங்கரலிங்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் மூக்கைச் சிந்தி முடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே பின்கட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். குண்டான்களைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தார்கள். வாளி தெருவுக்குப் போனது. பாக்கெட் பாலில் பக்கத்து வீட்டு உறையை ஊற்றினாள். திங்கட்கிழமை எட்டும் தோய்ந்தது. கேன்டீன் மேனேஜர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு சங்கரலிங்கத்திடம், "தயிரு சரிதான். ஆனா இது பாக்கெட் பாலு. இதுக்கு நான் பாக்கெட் தயிரே வாங்கிக்கிடலாமே? பழைய பாலுல போட்டுக் கொண்டாங்க, இந்த வாரம் பாக்கேன்" என்றார்.

பழைய பால் வேண்டுமென்றால் சுந்தரபாண்டியம் போக வேண்டும். அவள் வழக்கமாக வாங்குகிற மற்ற ஆறு பேருக்கும் போன் போட்டாள். ஆறு பேரும் ஒரே பதிலைத்தான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் ஒளிக்காமல் பேசினார். "சங்கையாவையே அந்தப் பேச்சு பேசினிய. நாளைக்கி எங்களையும் பேசுவிய. அவன் ஊத்தட்டும், நாங்களும் ஊத்துதோம்."

செவ்வாய்க்கிழமை செல்லக்கனி சங்கையாவின் வீட்டுக்குப் போனாள். தொழுவத்தில் ஒரு மாடுதான் நின்றது. இன்னொன்று எங்கே என்று அவள் கேட்கவில்லை. சங்கையாவே சொன்னான். "பால் வாங்க ஆளில்ல. ரெண்டுக்கும் தீனி போட முடியல, அதான் குடுத்துட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ், வாளி, ஆறு டம்ளர், கரண்டி எதையும் விடவில்லை. "தப்பு எம்மேலதான்ப்பா. பஸ் ஸ்டாப்புல எத்தன பேரு முன்னால பேசினனோ, அத்தன பேரு முன்னாலயும் சொல்லுதேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் வந்ததில்லை.

சங்கையா மாட்டைத் தடவிக்கொடுத்தான். "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீய" என்றான். "விடுங்க. நாளைக்கி சாயங்காலம் வாரேன். மத்தவங்கட்டயும் நான் சொல்லுதேன்."

செல்லக்கனிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உள்ளேயிருந்து சங்கையாவின் பெண்சாதி மாரியாத்தாள் ஒரு டம்ளர் பாலோடு வந்தாள். அப்போது கறந்து காய்ச்சினது. "குடிங்க மதினி" என்றாள்.

செல்லக்கனி டம்ளரை வாங்கிக்கொண்டு சங்கையாவிடம் பேசினாள். எட்டுக் குண்டானும் இனி மூடியே இருக்கும், அவன் பாலை மூலையில் வைக்க மாட்டாள், வெள்ளைத்தாய் வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போகிறாள். பேச்சு மும்முரத்தில் அவள் வலது கை தன் பாட்டுக்கு ஒரு காரியம் செய்தது. சுட்டுவிரலை டம்ளரில் தொட்டு, இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டை வைத்து, விரலைச் சாய்த்தது. தண்ணீர் கலந்த பால் ஓடிவிடும். கலக்காத பால் நிற்கும்.

சங்கையா மாட்டைத் தடவுவதை நிறுத்திவிட்டான். அவன் ஏன் நிறுத்தினான் என்று அவளுக்குப் புரிந்தபோது, மாரியாத்தாளும் அந்த நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கிதா மதினி?" என்றாள் மாரியாத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சங்கையா மாட்டின் கயிற்றை அவிழ்த்து, அவளைப் பார்க்காமல், அதை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

செல்லக்கனி வாசலில் தனியாக நின்றாள். பால் நகத்தில் அப்படியே நின்றது.